வீட்டின் குளிர்ந்த மூலை

கனடாவில் ஜனவரி மாதம் ஒரு வீட்டின் நிலவறையில் பெரிய அளவில் மீன் வளர்க்கிறார்களா என்று அறியக் கதவைத் தட்ட வேண்டியதில்லை. பக்கவாட்டுச் சுவரைப் பார்த்தால் போதும். தரையிலிருந்து இரண்டு மூன்றடி உயரத்தில் நாலங்குலக் குழாயின் வாய் ஒன்று இருக்கும். அதிலிருந்து வெள்ளை வெளேரென்று ஆவி வந்துகொண்டிருக்கும். வாய்க்குக் கீழே செங்கல் மேல் பனிக்கட்டி படிந்து தடித்திருக்கும். துணி உலர்த்தும் இயந்திரத்தின் குழாயும் இப்படித்தான் ஆவி விடும், ஆனால் ஒரு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். மீன் அறையின் குழாய் இரவு பகல் பார்க்காமல் விட்டு விட்டு ஊதிக்கொண்டே இருக்கும். டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் நான் தேடிப் போன வீட்டின் கதவு எண்ணைப் பனி மூடியிருந்தது. இந்த அடையாளத்தை வைத்துத்தான் வீட்டைக் கண்டுபிடித்தேன்.

டொராண்டோவிலிருந்து டெட்ராய்ட் வரை, 401 நெடுஞ்சாலையை ஒட்டிய ஊர்களில், வீட்டு நிலவறைகளில் மீன் வளர்ப்பவர்களைப் பார்க்க வேண்டும் என்பது என் திட்டம். சென்னை கொளத்தூரில் வண்ணமீன் வளர்ப்பவர்களின் சிமெண்டுத் தொட்டிகளுக்கு நடுவே சுற்றித் திரிந்து இந்த ஆசை பிடித்தவன் நான். அங்கே தண்ணீர் ஆவியாகிப் போவதைப் பற்றி யாரும் பேசி நான் கேட்டதில்லை. குறைந்ததை நிரப்பினால் வேலை முடிந்தது. இங்கேயோ, போன வீடுகளிலெல்லாம் மீனைக் காட்டும் முன் சுவரைக் காட்டினார்கள். தட்டிக் காட்டினார்கள், பிரித்துக் காட்டினார்கள், கை வைத்துப் பார்க்கச் சொன்னார்கள்.

இந்த நாட்டில் வீட்டுக்கு வீடு நிலவறை இருப்பதற்கு மண்ணே காரணம். குளிர்காலத்தில் மேல்மண் உறைந்து உப்பும். அதன் மேல் நிற்கும் அஸ்திவாரத்தைத் தூக்கிவிடும். அதனால் டொராண்டோ பக்கத்தில் அஸ்திவாரம் குறைந்தது 1.2 மீட்டர் ஆழத்துக்காவது போக வேண்டும். அவ்வளவு தோண்டியவர்கள் இன்னும் கொஞ்சம் தோண்டி ஒரு தளத்தையே கட்டிக்கொண்டார்கள். மீன் வளர்ப்பவர்களுக்கு அது வரம். 75 கேலன் தொட்டி ஒன்றில் தண்ணீர் மட்டுமே 280 கிலோவுக்கு மேல். அப்படி இருபது முப்பது தொட்டிகளை மரத்தளத்தின் மேல் வைக்க முடியாது. நிலவறையின் கான்கிரீட் தரை எதையும் தாங்கும். தண்ணீர் சிந்தினாலும் கெட்டுப்போகத் தரைவிரிப்பு இல்லை. ஏர் பம்ப் இரைச்சல் மேலே தூங்குபவர்களுக்குக் கேட்காது. எல்லாம் நல்லதுதான். ஆனால் வீட்டிலேயே குளிர்ந்த சுவர்கள் இருப்பதும் அங்கேதான். அந்த அறைக்குள்தான் இவர்கள் அமேசான் நதியின் வெப்பத்தைக் கொண்டுவந்து வைக்கிறார்கள்.

ஸ்கார்பரோ வீட்டுக்காரர் யாழ்ப்பாணத்துக்காரர். டிஸ்கஸ் மீன் வளர்க்கிறார். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அந்தப் பகுதியில் வரிசை வரிசையாக எழுந்த ஒற்றைத் தள வீடுகளில் ஒன்று அவருடையது. அடித்தளச் சுவர் முழுக்கக் கான்கிரீட் பிளாக். “சப்பாத்தைக் கழட்டிட்டு வாங்கோ தம்பி, இறங்கேக்க தலை கவனம்” என்று முன்னால் போனார். கடைசிப் படியில் கால் வைத்ததும் என் மூக்குக்கண்ணாடி முழுவதும் மூடிக்கொண்டது. எதுவும் தெரியவில்லை. தண்ணீர் சலசலப்பு மட்டும் கேட்டது.

“இஞ்ச வாற எல்லாருக்கும் முதல்ல கண்ணாடிதான் வேர்க்கும். ஏனெண்டு சொல்லுங்கோ?” என்றார் அவர். பதிலையும் அவரே சொன்னார். “இந்த அறைக்குள்ள இப்ப எல்லாத்தையும்விடக் குளிரான சாமான் உங்கட கண்ணாடிதான். பத்து நிமிசத்தில அது சூடாகிடும். சுவர் சூடாகாது.”

இந்த விஷயத்தில் தெரிந்துகொள்ள வேண்டியதில் பாதி அந்தப் பதிலிலேயே இருக்கிறது. காற்று குளிரக் குளிர அதில் தங்கக்கூடிய நீராவியின் அளவு குறைகிறது. 25 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் 23 கிராம் நீராவியைத் தாங்கும். உறைநிலையில் 5 கிராம்கூடத் தாங்காது. ஈரமான காற்று தன்னைவிடக் குளிர்ந்த ஒரு பரப்பைத் தொடும்போது, எந்த வெப்பநிலைக்குக் கீழே அதனால் ஆவியைப் பிடித்து வைக்க முடியாதோ அதுதான் பனிப்புள்ளி. அறை 25 டிகிரி, ஈரப்பதம் 50 சதவீதம் என்றால் பனிப்புள்ளி 14 டிகிரி. ஈரப்பதம் 70 ஆனால் பனிப்புள்ளி 19-க்கு ஏறிவிடும். அந்த அறையில் 19 டிகிரிக்குக் கீழே உள்ள எந்தப் பரப்பும் நனையும். அது ஜன்னலாக இருக்கலாம், ஆணியின் தலையாக இருக்கலாம், சுவருக்குப் பின்னால் கண்ணில் படாத பிளாக்காகவும் இருக்கலாம்.

சென்னைக்காரனுக்கு இது உடனே பிடிபடாது. 32 டிகிரியில் 75 சதவீத ஈரப்பதம் என்பது நமக்குச் சாதாரண நாள். அந்தக் காற்றின் ஒரு கன மீட்டரில் 25 கிராம் ஆவி இருக்கிறது. நான் பார்த்த மீன் அறைகளில் இருந்ததைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. ஆனாலும் நம் சுவர்களில் நீர் வழிவதில்லை. அந்தக் காற்றின் பனிப்புள்ளி 27 டிகிரி. நம் சுவரோ 30-க்கு மேல் இருக்கிறது. நமக்கு உடம்பு நசநசக்கிறது, சுவர் உலர்ந்தே இருக்கிறது. இங்கே நேர்மாறு. ஆளுக்கு இதமாக இருக்கும் காற்றே சுவருக்கு ஆபத்தாகிவிடுகிறது. அதனால் ஈரப்பதம் எத்தனை சதவீதம் என்று மட்டும் கேட்பதில் பயனில்லை, அறையின் குளிர்ந்த மூலை எது, அது எத்தனை டிகிரியில் இருக்கிறது என்றும் சேர்த்துக் கேட்க வேண்டும். இந்தப் பயணத்தில் பார்த்த நல்ல மீன் அறைகள் எல்லாவற்றுக்கும் சொந்தக்காரர்கள் இந்த இரண்டாவது கேள்விக்குப் பதில் வைத்திருந்தவர்கள்தான்.

யாழ்ப்பாணத்து அண்ணை அந்த மூலையைக் காட்டினார். அடித்தளச் சுவர் முடியும் இடத்தில், அதன் மேல் தரைத்தளத்து மர உத்தரங்களின் முனைகள் வந்து உட்காருகின்றன. அங்கே வெளிக்குளிரையும் அறையையும் பிரிப்பது ஒன்றரை அங்குலப் பலகையும் வெளிப்பூச்சும்தான். சோதனைக்கென்று ஓர் உத்தர இடைவெளியில் மட்டும் ஃபோம் அட்டையை ஒட்டாமல் செருகி வைத்திருக்கிறார். அதை மெல்ல இழுத்தார். உள்ளே பலகையில் துருத்தி நின்ற ஆணி முனைகள் ஒவ்வொன்றிலும் வெண்பனி பூத்திருந்தது. ஆணிகளைச் சுற்றி மரம் கறுத்திருந்தது. விரலால் தொட்டேன்; பனி உருகி ஒரு சொட்டு மணிக்கட்டுவரை வழிந்தது. அட்டையைத் திரும்பச் செருகினார். மற்ற இடைவெளிகளில் எல்லாம் அட்டையைச் சுற்றி ஸ்ப்ரே ஃபோம் அடித்து, காற்று புக வழியில்லாமல் அடைத்திருந்தார்.

“மீனுக்கு ஒண்டும் ஆகாது தம்பி. ஈரம் கூடினா மீனுக்குச் சந்தோசம்தான். வீடுதான் பழுதாப் போகும்” என்றார். அவருடைய வீடு ஒருமுறை பழுதாகியும் இருக்கிறது. முதலில் அறையைக் கட்டிக் கொடுத்த ஒப்பந்தக்காரர், இங்கே எல்லா நிலவறைகளுக்கும் செய்வதுபோல, பிளாக் சுவருக்கு முன்னால் மரச்சட்டம், அதற்குள் கண்ணாடியிழைப் பஞ்சு, அதன் மேல் பிளாஸ்டிக் தாள், அதன் மேல் ஜிப்சம் பலகை என்று முடித்துவிட்டார். குடும்பம் டிவி பார்க்கும் அறைக்கு அது போதும். மீன் அறையின் காற்று, ஸ்விட்ச் பெட்டிகளைச் சுற்றியுள்ள சந்துகள் வழியே தாளுக்குப் பின்னால் நுழைந்தது. பஞ்சு காற்றைத் தடுக்காது. அது தொட்ட பிளாக் நனைந்தது. வெளியே ஒரு கறைகூடத் தெரியவில்லை. வாசனைதான் காட்டிக்கொடுத்தது என்றார். பிரித்துப் பார்த்தபோது ஜிப்சம் பலகையின் பின்பக்கக் காகிதம் முழுக்கக் கறுப்பு. பூஞ்சைக்கு அந்தக் காகிதம் சாப்பாடு, பஞ்சில் தேங்கிய ஈரம் தண்ணீர்.

இப்போது சுவர் வேறு மாதிரி. பிளாக்கின் மேலேயே இரண்டங்குல ஃபோம் அட்டை ஒட்டி, இணைப்புகளுக்கு டேப் போட்டிருக்கிறார். அறைக்காற்று தொடும் பரப்பு இப்போது ஃபோமின் சூடான பக்கம். பிளாக்கை அது சந்திப்பதே இல்லை. ஜிப்சத்துக்குப் பதில் பிவிசி பலகை, துடைத்துவிடலாம். மேல்கூரையிலும் அதே பிவிசி. கதவின் நான்கு பக்கமும் ரப்பர் பட்டை. இவ்வளவும் முடிந்த பிறகுதான் அவர் காற்றோட்டத்துக்கே போனார். இந்த வரிசை முக்கியம் என்று நினைக்கிறேன். விசிறியை மட்டும் மாட்டிவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் அதிகம். அது பழுதான நாளில் சுவர் தனியாக நிற்க வேண்டும்.

தொட்டிகளுக்கு மூடி போட்டிருந்தார். ஒன்றுவிடாமல் எல்லாவற்றுக்கும் கண்ணாடி மூடி, ஏர் குழாய் போகும் அளவுக்கு மட்டும் மூலையில் வெட்டு. ஆவியாவதைத் தடுக்க இதைவிட மலிவான வழி இல்லை. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக முக்கால் யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவான வெப்பம் வேண்டும். அதைத் தருவது தொட்டியின் ஹீட்டர். 10 லிட்டர் போனால் ஏறத்தாழ 7 யூனிட். அதாவது மூடாத தொட்டிக்காரர் தண்ணீரை ஆவியாக்க ஒருமுறை மின்கட்டணம் கட்டுகிறார், அந்த ஆவியை வெளியேற்ற இன்னொருமுறை கட்டுகிறார்.

வெளியேற்றுவது சாதாரணக் குளியலறை விசிறிதான். நிமிடத்துக்கு 80 கன அடி இழுப்பது. ஈரப்பதம் 55-ஐத் தாண்டினால் தானாக ஓடும்படி ஒரு ஈரப்பத ஸ்விட்ச்சோடு இணைத்திருக்கிறார். இவ்வளவு சின்ன விசிறி போதுமா என்று எனக்குச் சந்தேகம். படிக்கட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தோம். அறை 24 டிகிரி, ஈரப்பதம் 60 சதவீதம் என்று வைத்தால் ஒரு கன மீட்டரில் 13 கிராம் ஆவி. வெளியே மைனஸ் 10 டிகிரிக் காற்றில் 2 கிராம்தான். ஒரு கன மீட்டர் காற்றை மாற்றினால் 11 கிராம் தண்ணீர் வெளியே போகிறது. நாளுக்கு 10 லிட்டர் ஆவியை வெளியேற்ற 900 கன மீட்டர் போதும். அந்தச் சின்ன விசிறி ஆறேழு மணி நேரம் ஓடினால் முடிந்தது. கனடாவின் குளிர்காலக் காற்றைப்போல மலிவாக ஈரத்தை உறிஞ்சும் பொருள் எந்தக் கடையிலும் கிடைக்காது.

விசிறிக்குழாயைச் சுற்றி வெப்பக்காப்பு உறை. அது இல்லாவிட்டால் ஆவி குழாய்க்குள்ளேயே தண்ணீராகி விசிறி மோட்டார் மேல் திரும்ப வழியும். குழாயை வெளிப்பக்கம் சரியும்படி மாட்டியதும் அதற்காகவே.

ஒரு விஷயத்தை மட்டும் அவர் குரலைத் தாழ்த்தி, நிறுத்தி நிதானமாகச் சொன்னார். விசிறி காற்றை வெளியே தள்ளினால் அறையில் அழுத்தம் குறையும். அது நல்லது, ஈரக்காற்று வீட்டின் மற்ற அறைகளுக்குக் கசியாது. ஆனால் போன காற்றுக்கு ஈடாக எங்கிருந்தாவது காற்று வந்தாக வேண்டும். பக்கத்து அறையில் பழைய எரிவாயு வெந்நீர்க் கொதிகலன் இருந்தால், அதன் புகைக்குழாய் வழியாகவே காற்று உள்ளே இறங்கும். புகையோடு கார்பன் மோனாக்சைடும் வரும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. “மீன் பிழைக்கும், நாங்கள் பிழைக்க மாட்டம்” என்றார். தனக்கு வேண்டிய காற்றை வெளியிலிருந்து தனிக்குழாயில் எடுத்துக்கொள்ளும் மூடிய வகைக் கொதிகலனை அவர் மாட்டிவிட்டார். மோனாக்சைடு அலாரம் கீழும் மேலும் இருக்கிறது. மண்ணிலிருந்து கசியும் ரேடான் வாயுவையும் இந்தக் குறை அழுத்தம் உள்ளே இழுக்கும். கன மீட்டருக்கு 200 பெக்கரலுக்கு மேல் போனால் சரிசெய்ய வேண்டும் என்பது கனடா அரசின் வழிகாட்டுதல். சோதனைக் கருவி ஒன்று தொட்டிகளுக்கு நடுவே அலமாரியில் இருந்தது.

அதற்கப்புறம்தான் மீன்களைப் பார்த்தேன். நீலமும் செம்பழுப்புமாகத் தட்டுத் தட்டாக டிஸ்கஸ், 29 டிகிரித் தண்ணீரில், ஒரு ஜோடி தன் உடம்பில் ஊறும் சளியைக் குஞ்சுகளுக்கு ஊட்டிக்கொண்டிருந்தது. குஞ்சுகள் தாயின் விலாவை மேய்ந்துவிட்டுத் தந்தைக்கு மாறின. நெடுநேரம் நின்று பார்த்தேன்.

மறுநாள் 401-இல் மேற்கே. கனடாவிலுள்ள லண்டன் நகரத்தை நெருங்கும்போது ஹூரான் ஏரியின் ஈரத்தைச் சுமந்து வந்த மேகம் பனியாகக் கொட்டத் தொடங்கியது. ஏரி இன்னும் உறையாமல் இருக்கும்போது அதன் மேல் கடந்துவரும் வறண்ட குளிர்காற்று ஆவியை வாரிக்கொண்டு வந்து கரையில் இறக்கிவிடுகிறது. முந்தின நாள் படிக்கட்டில் போட்ட அதே கணக்கு, ஆகாய அளவில்.

லண்டனில் பார்த்தவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். அறுபதுக்கு மேல் சின்னத் தொட்டிகள், பெரும்பாலும் கில்லி மீன்களும் சிக்லிட்களும். தொட்டிக்குத் தொட்டி ஹீட்டர் கிடையாது. அறையையே சூடாக்குகிறார். சூடான காற்று மேலே போவதால் மேல்தட்டுக்கும் கீழ்த்தட்டுக்கும் சில டிகிரி வித்தியாசம் வரும். அதை வீணாக்காமல், குளிர்ந்த நீர் விரும்பும் மீன்களைக் கீழ்வரிசையிலும் மற்றவற்றை மேலேயும் வைத்திருக்கிறார். காற்று தண்ணீரைவிட ஓரிரு டிகிரி சூடாக இருந்தால் ஆவியாவது குறையும். உள்ளரங்க நீச்சல்குளங்களை நடத்துபவர்களும் இந்த விதியைத்தான் பின்பற்றுகிறார்கள்.

அவரிடம் வெறும் விசிறி இல்லை, எச்.ஆர்.வி. என்கிற வெப்பமீட்புக் காற்றோட்டக் கருவி இருக்கிறது. உள்ளே போகும் குளிர்காற்றும் வெளியேறும் சூடான காற்றும் மெல்லிய தகடுகளின் இரு பக்கமாக ஓடுகின்றன. கலப்பதில்லை, வெப்பம் மட்டும் கை மாறுகிறது. முன்பு சொன்ன 900 கன மீட்டரை மைனஸ் 10-லிருந்து 24-க்குச் சூடாக்க நாளுக்குப் பத்து யூனிட் ஆகும். அதில் பெரும்பகுதியை இந்தக் கருவி மீட்டுவிடுகிறது. தகட்டில் படியும் நீர் வடிய ஒரு சின்னக் குழாய் உண்டு. கடுங்குளிரில் அந்த நீர் உறைந்துவிடுவதால், அவ்வப்போது வெளிக்காற்றை நிறுத்திவிட்டுக் கருவி தன்னைத் தானே சூடாக்கிக்கொள்கிறது. ஈ.ஆர்.வி. என்று இதன் உறவுக்காரக் கருவி ஒன்று உண்டு. அது வெப்பத்தோடு ஈரத்தையும் திருப்பிக் கொடுக்கும். குளிர்காலத்தில் காற்று வறண்டு உதடு வெடிக்கும் வீடுகளுக்கு அது நல்லது. மீன் அறைக்கு அதை வாங்கினால் வெளியே தள்ள நினைத்த ஈரத்தையே திரும்ப வாங்கிக்கொள்வதாகும். கடைக்காரர்கள் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வதாகவும், மீன் அறைக்கு என்று தெளிவாகச் சொல்லித்தான் வாங்க வேண்டும் என்றும் ஆசிரியர் எச்சரித்தார்.

மூலையில் ஒரு கடல்மீன் தொட்டி. அதன் நீரின் பிஎச் அளவைப் பள்ளிக்கூடத்து நோட்டில் தேதி வாரியாக எழுதி வைத்திருந்தார். கருவி வருவதற்கு முந்தைய குளிர்காலப் பக்கங்களில் அளவு இறங்கியே இருந்தது. ஜன்னல்கள் மூடிய வீட்டில் மனிதர்கள் விடும் மூச்சின் கரியமில வாயு சேர்கிறது. அது தொட்டி நீரில் கரைந்து அமிலத்தன்மையைக் கூட்டுகிறது. பவளத்துக்கு மருந்து ஊற்றிப் பார்த்துச் சலித்தவர், காற்றை மாற்றிய வாரத்திலேயே வித்தியாசம் கண்டார். காற்றோட்டம் சுவருக்கு மட்டும் என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு அந்த நோட்டு பெரிய பாடம்.

கோடையில் எல்லாம் தலைகீழ் என்றார். ஜூலையில் வெளியே 28 டிகிரியும் 60 சதவீதமும் இருந்தால், அந்தக் காற்றின் ஒரு கன மீட்டரில் 16 கிராம் ஆவி, அறையிலிருப்பதைவிட அதிகம். மண்ணுக்குள் இருக்கும் வெறும் கான்கிரீட் அப்போதும் குளிர்ச்சியாகத்தான் இருக்கும். வெயில் வந்துவிட்டதே என்று நிலவறை ஜன்னலைத் திறந்து வைப்பவர்கள் சுவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றுகிறார்கள். அந்த மாதங்களில் ஜன்னலை அடைத்துவிட்டு, காற்றிலிருந்து ஈரத்தை எடுக்கும் டிஹியூமிடிஃபையரை ஓட்ட வேண்டும். அமெரிக்காவில் 2019 முதல் அந்தக் கருவிகளை 80 ஃபாரன்ஹீட்டுக்குப் பதில் நிலவறைக்கு நெருக்கமான 65 ஃபாரன்ஹீட்டில் சோதிக்கிறார்கள். குளிர்ந்த காற்றிலிருந்து தண்ணீர் எடுப்பது கடினம் என்பதால், நாளுக்கு எத்தனை பைண்ட் தண்ணீர் எடுக்கும் என்று கருவியில் போடும் எண் குறைந்துவிட்டது. பழைய 70 பைண்ட் கருவியும் இன்றைய 50 பைண்ட் கருவியும் ஏறத்தாழ ஒன்றே. இது தெரியாமல் பழைய அனுபவத்தில் எண்ணைப் பார்த்து வாங்குபவர்கள் குழம்புகிறார்கள். அதில் சேரும் தண்ணீர் தெளிவாக இருந்தாலும் தொட்டியில் ஊற்றக் கூடாது. செம்புச் சுருளில் வழிந்து வருவதால் உலோகம் கலந்திருக்கும். இறாலும் நத்தையும் செத்துவிடும்.

லண்டனுக்கு அப்பால் நிலம் தட்டையாகிவிடுகிறது. காம்பரில் நெடுஞ்சாலையை விட்டிறங்கித் தெற்கே லீமிங்டனுக்குப் போனேன். ஈரி ஏரிக்கரையில் தக்காளி, வெள்ளரி, குடைமிளகாய் வளரும் கண்ணாடிக்கூடங்கள் கண்ணுக்கெட்டிய தூரம்வரை. இரவில் அந்த விளக்குகளால் வானமே ரோஜா நிறமாகிவிடுகிறது. மீனுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்றால், இவர்களும் அதே ஆவியோடுதான் போராடுகிறார்கள். செடி வேரில் குடித்ததை இலையில் விடுகிறது. விடியும் நேரத்தில் குளிர்ந்த காய் மேல் நீர் படிந்தால் சாம்பல் பூஞ்சை பிடித்துவிடும். அதனால் விடியும் முன்னரே குழாய்களில் வெந்நீரை ஓடவிட்டுக்கொண்டே கூரைச் சாளரங்களையும் கொஞ்சம் திறந்துவிடுகிறார்கள். சூடாக்கிக்கொண்டே திறந்துவிடுவது முதலில் வீண்செலவாகத் தோன்றும். காற்றைச் சூடாக்கி ஈரத்தை ஏற்றி வெளியே அனுப்ப அதுதான் வழி. ஸ்கார்பரோவின் விசிறி செய்யும் அதே வேலை, ஏக்கர் கணக்கில்.

வின்சரில் ஆற்றுக்கடியில் 1930-இல் திறந்த சுரங்கப்பாதை வழியாக டெட்ராய்ட். அங்கே பெல் தீவிலுள்ள மீன் காட்சியகத்தைப் பார்க்காமல் இந்தப் பயணத்துக்கு அர்த்தமில்லை. ஆல்பர்ட் கான், ஜார்ஜ் மேசன் என்ற கட்டடக் கலைஞர்களின் வடிவமைப்பில் 1904 ஆகஸ்டில் திறந்தது. 2005-இல் நகரத்திடம் பணமில்லாமல் மூடி, தன்னார்வலர்களின் முயற்சியால் 2012-இல் மீண்டும் திறந்தது. உள்ளே நுழைந்ததும் அண்ணாந்துதான் பார்க்க முடியும். பீப்பாய் வளைவான கூரை முழுக்கப் பளபளக்கும் பச்சை ஓடுகள். நீருக்கடியில் நடப்பதான உணர்வைத் தருவதற்காக அமைத்தது என்பார்கள். சுவர்களைப் பார்த்துப் பழகிவிட்ட என் கண்ணுக்கு வேறொன்று தெரிந்தது. ஆவி வந்து மோதும் கூரையில் ஈரத்தைக் குடிக்காத, துடைத்தால் போய்விடும் ஒரு பரப்பு. ஸ்கார்பரோ அண்ணையின் பிவிசி கூரைக்கு நூறு வருட மூத்த சொந்தம். பக்கத்திலேயே, அதே ஆண்டில் திறந்த தாவரக் கண்ணாடி மாளிகை. அதன் குவிமாடத்தை முதலில் மரச்சட்டத்தில் கட்டினார்கள். பின்னாளில் மரத்தை எடுத்துவிட்டு எஃகும் அலுமினியமும் வைக்க வேண்டியிருந்தது. ஈரத்துக்கு எதிரே எந்தப் பொருள் நிற்கும், எது நிற்காது என்பதற்கு அந்த இரண்டு கட்டடங்களும் அருகருகே சாட்சி.

கடைசியாக, டெட்ராய்டை ஒட்டிய டியர்பார்ன். கார் தொழிலில் பொறியாளர்களாக இருக்கும் கோயம்புத்தூர்த் தம்பதி, நிலவறையில் மீன் அறை கட்டப் போகிறார்கள். மேசை மேல் வரைபடம், அதில் இருபத்து நான்கு தொட்டிகள். “அண்ணா, இந்த அறை இத்தனை டேங்க்கைத் தாங்குமா?” என்று கணவர் கேட்டார். எடையைப் பற்றிக் கேட்கிறார் என்று நினைத்தேன். “வெயிட் இல்லைங்க, தண்ணி எவ்வளவு காத்துல போகும்னு கேக்கறாருங்க” என்று மனைவி திருத்தினார். நல்ல கேள்வி. இதற்கு யாருடைய சூத்திரமும் வேண்டாம், அவர்கள் வீட்டுத் தொட்டியே சொல்லும். மாடியில் ஏற்கெனவே நாலடி நீளம், ஒன்றரையடி அகலத்தில் ஒரு தொட்டி இருந்தது. நீர்மட்டத்தில் மார்க்கரால் கோடு போட்டோம். அந்த அளவுத் தொட்டியில் 1 செ.மீ. இறங்கினால் ஐந்தரை லிட்டர் போய்விட்டது என்று கணக்கு. ஒரு வாரம் மூடியோடும் ஒரு வாரம் மூடியில்லாமலும் அளந்து, தொட்டிகளின் மொத்த நீர்ப்பரப்புக்குப் பெருக்கினால் அறைக்கு வரப்போகும் ஆவி தெரிந்துவிடும். விசிறியின் அளவும் டிஹியூமிடிஃபையரின் அளவும் அதிலிருந்து தானாக வரும்.

பிறகு கீழே போய் மூவருமாகச் சுவர்களைத் தடவிப் பார்த்தோம். அவர்களிடம் அகச்சிவப்பு வெப்பமானி இருந்தது. வடகிழக்கு மூலையில் உத்தரமுனை 6 டிகிரி காட்டியது, நடுச்சுவர் 13. மனைவி ஒவ்வோர் அளவையும் பென்சிலால் சுவரிலேயே எழுதினார். பக்கத்து அறையில் திறந்த வகை எரிவாயுக் கொதிகலன் நின்றது. வீடு வாங்கும்போதே இருந்தது என்றார்கள். யாழ்ப்பாணத்து அண்ணை சொன்னதை அப்படியே சொன்னேன். கணவர் தொட்டி வாங்க ஒதுக்கிய பணத்தை நினைத்துக் கொஞ்சம் தயங்கினார். மனைவி தயங்கவில்லை. தொட்டிகளின் எண்ணிக்கைக்கு மேலே பென்சிலால் கோடு இழுத்து, முதல் வரியில் கொதிகலன், இரண்டாவதில் உத்தரமுனைகளுக்கு ஃபோம், மூன்றாவதில் விசிறிக்கான துளை என்று எழுதினார். துளை கொதிகலனின் புதிய காற்றுக்குழாய்க்கு அருகில் வரக் கூடாது என்பதால் எதிர்ச்சுவரில் இடம் பார்த்தோம். மீன்கள் அதற்குப் பிறகுதான், அதுவும் முதலில் எட்டுத் தொட்டிகள்தான் என்று முடிவாயிற்று.